மனநல ஆய்விதழில் சக மதிப்பாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல ஆய்விதழ் ஒன்றின் எடிட்டர் குழுவில் இருக்கிறேன். அதற்கு முன் பல வருஷம் மதிப்பாய்வாளர். அதற்கும் முன், நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று யாரிடமும் பேசாமல் சுருண்டு படுத்தவன். மேற்படிப்பு மாணவர்கள், மருத்துவர்கள், உளவியலாளர்கள், செவிலியர்கள் என்று யார் வந்தாலும் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

ஒரு சொல் தகராறை முதலிலேயே தீர்த்துவிடலாம். தமிழில் எழுதியவரும் ஆசிரியர், இதழை நடத்துபவரும் ஆசிரியர், பாடம் நடத்துபவரும் ஆசிரியர். எனவே இங்கே எழுதியவர் கட்டுரையாளர். இதழில் முடிவெடுப்பவர் எடிட்டர். படித்துக் கருத்துச் சொல்பவர் மதிப்பாய்வாளர், பேச்சுவழக்கில் ரிவியூவர்.

பியர் ரிவியூன்னா என்ன? ரெண்டு பேர் படிச்சு மார்க் போடுறதா?

மார்க் கிடையாது. உங்கள் துறையிலேயே வேலை செய்யும் இரண்டு மூன்று பேர், கட்டுரை வெளிவருவதற்கு முன் அதைப் படித்து எடிட்டருக்கு எழுதுகிறார்கள். கேட்ட கேள்விக்கு இந்த ஆய்வுமுறை பொருந்துமா, கிடைத்த தரவு இந்த முடிவைத் தாங்குமா, எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வார்கள். அது ஆலோசனை. முடிவு எடிட்டருடையது.

மதிப்பாய்வாளர் பார்ப்பது உங்கள் ஆய்வை அல்ல, ஆய்வைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை. நோயாளியோடு நீங்கள் பேசியபோது அவர் பக்கத்தில் இல்லை. நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தரவைச் சரிபார்த்தது அவருக்குத் தெரியாது. தாளில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. கீழே வரும் பாதிச் சந்தேகங்களுக்கு விடை இதற்குள் இருக்கிறது.

இந்த முறை ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைக்க வேண்டாம். முதல் அறிவியல் இதழ்களில் ஒன்றான ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ 1665இல் தொடங்கியது. ஆனால் ‘நேச்சர்’ போன்ற இதழே வெளி மதிப்பாய்வை முறையான விதியாக்கியது 1973இல்தான்.

அனுப்பினதுக்கு அப்புறம் உள்ள என்னதான் நடக்குது?

முதலில் இதழ் அலுவலகம் பார்க்கும். நெறிமுறைக் குழு அனுமதி எண் இருக்கிறதா, மருந்துச் சோதனை என்றால் பதிவு எண் இருக்கிறதா, பெயர் மறைத்த கோப்பில் உங்கள் பெயர் எங்காவது எட்டிப் பார்க்கிறதா, எழுத்துத் திருட்டு சோதிக்கும் மென்பொருள் என்ன சொல்கிறது என்பதெல்லாம் இந்தக் கட்டம். இதில் திரும்பி வந்தால் அது நிராகரிப்பு இல்லை, சரிசெய்து அனுப்புங்கள்.

அடுத்து தலைமை எடிட்டர் படிப்பார். பொருந்தாது என்றால் அங்கேயே நிற்கும். பொருந்தும் என்றால் ஓர் இணை எடிட்டரிடம் போகும். அவர் மதிப்பாய்வாளர்களைத் தேடி அழைப்பார். அறிக்கைகள் வந்ததும் அவற்றையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து முடிவுக் கடிதம் எழுதுவார். கணக்கு சிக்கலாக இருந்தால் புள்ளியியல் மதிப்பாய்வாளர் ஒருவரும் சேர்வார்.

மூணே நாள்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. படிக்கவே இல்லையா?

படித்திருப்பார்கள். மேசையிலேயே திருப்புவது என்பார்கள், டெஸ்க் ரிஜெக்‌ஷன். எலி மூளையில் ஏற்பி ஒன்றைப் பற்றிய நல்ல கட்டுரை, மருத்துவமனைச் சிகிச்சை பற்றிய இதழுக்கு வந்தால் அதன் தரம் எப்படி இருந்தாலும் இடம் இல்லை. இன்னொரு வகை எங்களுக்கு வாரந்தோறும் வரும். கல்லூரி மாணவர்கள் நூறு பேருக்கு வாட்ஸாப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி, ஒரே முறை மனச்சோர்வு அளவிட்டு, “மாணவர்களிடையே மனச்சோர்வு அதிகம்” என்று முடிப்பது. யாருக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பது தெரியாத அந்தத் தரவை எந்த மதிப்பாய்வாளராலும் காப்பாற்ற முடியாது.

மூன்று நாளில் வரும் ‘இல்லை’ உங்களுக்கு லாபம். அதையே ஐந்து மாதம் கழித்துச் சொல்லும் இதழ்கள் இருக்கின்றன.

மனநல இதழ்ல அப்படி என்ன தனியாப் பாப்பாங்க? எல்லா மருத்துவ இதழும் ஒண்ணுதானே?

சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனச்சோர்வுக்கு அப்படி ஒரு பரிசோதனை இல்லை. பேச்சு, கேள்வித்தாள், நேர்காணல் இவைதான் எங்கள் அளவுகோல். அதனால் மதிப்பாய்வாளரின் கண் முதலில் போவது “எதை வைத்து அளந்தீர்கள்” என்ற இடத்துக்கு.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 கேள்வித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் “இவரை இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும்” என்று பொருள். அதை வைத்துக்கொண்டு “இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய்” என்று எழுதினால் அடிக்கோடு விழும், ஏனென்றால் சல்லடை வேறு, நோயறிதல் வேறு. நோயறிந்தது யார், மனநல மருத்துவரா, பயிற்சி பெற்ற உதவியாளரா? முறைப்படுத்திய நேர்காணல் நடந்ததா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடாக 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 வரையறையா, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலாக 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 வரையறையா? கேள்வித்தாளை மொழிபெயர்த்திருந்தால், மறுபடி மூலமொழிக்குத் திருப்பிப் பார்த்தீர்களா? அந்த மொழிபேசுபவர்களிடம் சோதித்தார்களா? பி.எச்.கியூ-9 இலவசம், பெக் மனச்சோர்வு அளவுகோல் போன்றவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். அதையும் கேட்பார்கள்.

உளச்சிகிச்சை ஆய்வு என்றால் இன்னொரு கணக்கு. மாத்திரையில் போலி மாத்திரை கொடுத்து மறைக்கலாம். வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியவரிடம் “உங்களுக்குச் சிகிச்சை நடந்ததா என்று சொல்ல மாட்டோம்” என்று மறைக்க முடியுமா? அதனால் கடைசியில் மதிப்பெண் போடுபவருக்காவது யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா என்று துருவுவார்கள். ஒப்பீட்டுக் குழுவைச் சும்மா காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தால், சிகிச்சை உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இதைக் கட்டுரையாளர் தானே வரம்பாக ஒப்புக்கொண்டிருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

எதிக்ஸ் கமிட்டியே ஓகே சொல்லிட்டாங்க. அப்புறம் ரிவியூவர் எதுக்கு அதையே நோண்டுறார்?

கமிட்டி பார்த்தது நீங்கள் செய்யப்போவதாகச் சொன்னதை. மதிப்பாய்வாளர் பார்ப்பது செய்ததாக எழுதியிருப்பதை. இரண்டும் சில சமயம் ஒன்றாக இருப்பதில்லை.

மேலே சொன்ன பி.எச்.கியூ-9இன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்குமே என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. பெயர் கேட்காத இணையக் கணக்கெடுப்பில் ஒருவர் அதற்கு “அநேகமாகத் தினமும்” என்று குறித்துவிட்டு அடுத்த பக்கம் போகிறார். நீங்கள் என்ன செய்தீர்கள்? திரையில் உதவி எண் வந்ததா? விரும்பினால் தொடர்புகொள்ள வழி இருந்ததா? அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு எட்டுக் கேள்வி வடிவத்தைப் பயன்படுத்தினீர்களா? எதைச் செய்திருந்தாலும் அது இரண்டு வரியாகக் கட்டுரையில் இருக்க வேண்டும். நான் மதிப்பாய்வு செய்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வரி இருக்காது. கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்துதான் இருப்பார்கள், எழுதத்தான் தோன்றியிருக்காது. மற்றபடி தீவிர நிலையில் இருந்தவர் எப்படிச் சம்மதம் தந்தார், சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டீர்களா என்பவையும் வரும்.

கேஸ் ரிப்போர்ட்ல பேரை எடுத்துட்டேன். அது போதாதா?

போதாது. கேஸ் ரிப்போர்ட் என்பது ஒரே நோயாளியின் நோய்க்கதையைச் சொல்லும் கட்டுரை. ஒரு மாதிரி சொல்கிறேன்: “39 வயதுப் பெண், இரட்டைக் குழந்தைகளின் தாய், முன்னாள் தேசிய நீச்சல் வீராங்கனை, இரண்டாம் பிரசவத்துக்குப் பின் குரல்கள் கேட்பதாகச் சொன்னார்.” பெயர் இல்லை. ஆனால் அவரை அறிந்த யார் படித்தாலும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நீச்சலும் இரட்டைக் குழந்தையும் நோயைப் புரிந்துகொள்ள எதற்கும் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். தேவையானதை மாற்றி எழுதுவது ஆபத்து. வயதை மாற்றினால் நோய்க்கதையே மாறலாம். மாற்றியே தீர வேண்டும் என்றால் அறிவியல் பொருள் கெடவில்லை என்று எடிட்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இதற்கு மேல் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். சிகிச்சைக்குத் தந்த சம்மதம் வேறு, பிரசுரத்துக்குத் தருவது வேறு. வார்டில் அனுமதித்த இரண்டாம் நாள் வாங்கிய கையெழுத்தை நல்ல மதிப்பாய்வாளர் ஏற்க மாட்டார். குணமான பிறகு கட்டுரையையே கையில் கொடுத்து அவரைப் படிக்கச் சொல்வது என் கட்சி. ஒருமுறை ஒரு நோயாளி படித்துவிட்டு, “இது நடந்தது இப்படி இல்லை டாக்டர்” என்று ஒரு தேதியைத் திருத்தினார். மூன்று கட்டுரையாளர்களும் இரண்டு மதிப்பாய்வாளர்களும் தவறவிட்ட தேதி.

‘கமிட்டட் சூயிசைட்’னு எழுதினதுக்கு ஒரு பாரா கமெண்ட். வார்த்தைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல் குற்றத்துக்கும் பாவத்துக்கும் சொல்வது. அதனால் பல இதழ்களின் நடைவிதியிலேயே அது தவிர்க்கப்பட்டிருக்கிறது. “தற்கொலையால் இறந்தார்” என்ற பொருளில் எழுதச் சொல்வார்கள். நோயின் பெயரால் ஆளைக் குறிப்பிடாமல் “ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர்கள்” என்று எழுதச் சொல்வதும் இதே வகை. ஜப்பானில் 2002இல் மனநல மருத்துவர்களின் சங்கம் அந்த நோயின் பெயரையே மாற்றியது. பழைய பெயருக்கு ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள். தற்கொலை பற்றிய கட்டுரையில் முறை, அளவு, இடம் இவற்றைத் தேவைக்கு மேல் விவரிக்கக் கூடாது என்பது வெறும் நடை விஷயம் இல்லை, பாதுகாப்பு விஷயம்.

ரிவியூவர் யாருன்னு எனக்குத் தெரியாது. நான் யாருன்னு அவருக்குத் தெரியுமா?

இதழைப் பொறுத்தது. ஒருபக்க மறைப்பில் அவருக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு அவரைத் தெரியாது. இருபக்க மறைப்பில் இருவருக்கும் தெரியாது. திறந்த மதிப்பாய்வில் இருவருக்கும் தெரியும். சில இதழ்கள் அறிக்கைகளையே கட்டுரையோடு வெளியிடுகின்றன. மறைப்பை ரொம்பவும் நம்பவும் வேண்டாம். அரிதான நோய் ஒன்றில் வேலை செய்பவர்கள் உலகத்திலேயே இருபது குழுக்கள் என்றால், “எங்கள் முந்தைய ஆய்வில்” என்ற ஒரு வரி போதும்.

பெயருக்கு எவ்வளவு எடை என்று உளவியல் துறைக்குள்ளேயே ஒரு சோதனை நடந்தது. 1982இல் பீட்டர்ஸும் செசியும் வெளியிட்டது. புகழ்பெற்ற நிறுவனங்களிலிருந்து வெளிவந்திருந்த 12 உளவியல் கட்டுரைகளை, கற்பனைப் பெயர்களும் கற்பனை நிறுவனங்களும் போட்டு, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். மூன்றைத்தான் இதழ்கள் அடையாளம் கண்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டது. சொன்ன காரணம், ஆய்வுமுறையில் கடுமையான குறை!

மறுபக்கமும் உண்டு. ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’ 408 கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் மதிப்பாய்வாளர் பெயரைக் கட்டுரையாளருக்குச் சொன்னது. முடிவு 2000இல் வந்தது. பெயரோடு எழுதியவர்களின் அறிக்கை தரமாகவும் மரியாதையாகவும் இருந்தது. எழுத அதிக நேரம் பிடித்தது. “வெளியிடலாம்” என்று சொல்வதும் கூடுதலாக இருந்தது. கடைசியில் சொன்னது நல்லதா கெட்டதா என்று எங்கள் குழுவிலேயே இன்னும் சண்டை தீரவில்லை.

ரிவியூவர்களை எங்கேர்ந்து பிடிக்கிறாங்க? காசு குடுப்பாங்களா?

பெரும்பாலும் ஒரு பைசா கிடையாது. உங்கள் மேற்கோள் பட்டியலில் இருப்பவர்கள், அதே பொருளில் சமீபத்தில் எழுதியவர்கள், எங்களுக்கு முன்பு நன்றாக எழுதிக்கொடுத்தவர்கள் என்று தேடுவோம். இரண்டு பேர் சம்மதிக்க ஏழெட்டுப் பேரைக் கேட்கும் வாரங்கள் உண்டு. நோயைத் தானே அனுபவித்தவர்களையும் மதிப்பாய்வாளராக அழைக்கும் வழக்கம் வளர்கிறது, பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே. 2014இல் நோயாளி மதிப்பாய்வைத் தொடங்கியது. பக்கவிளைவு என்று நாம் ஒரே வரியில் கடக்கும் எடை கூடுதலைப் பற்றி அவர்கள் ஒரு பக்கம் எழுதுவார்கள், நியாயமாகவே.

உங்களிடமும் பெயர் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் வழிகாட்டியின் நண்பரை வேண்டாம். நிறுவன மின்னஞ்சலாக இருக்கட்டும். போலி மின்னஞ்சல் உருவாக்கித் தன் கட்டுரையைத் தானே மதிப்பாய்வு செய்த கதைகள் நடந்திருக்கின்றன. 2017இல் ஒரு புற்றுநோய் ஆய்விதழில் வந்த 107 கட்டுரைகள் இந்த மாதிரி மோசடிக்காக ஒரே வீச்சில் திரும்பப் பெறப்பட்டன.

நாலு மாசம் ஆச்சு. கேட்டா கோவிச்சுப்பாங்களா?

கேளுங்கள். கட்டுரை எண், அனுப்பிய தேதி, “நிலை அறிய விரும்புகிறேன்”, மூன்று வரி போதும். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் முந்தைய பதிலில் சொன்னதுதான்: ஆள் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தவர் காணாமல் போய்விட்டார். உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் சில சமயம் எங்களுக்கே அது உறைக்கும். இந்தக் காத்திருப்பில் வேறு இதழுக்கும் அனுப்பிவைப்பது மட்டும் கூடவே கூடாது. முறையாக எழுதித் திரும்பப் பெற்ற பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

‘மேஜர் ரிவிஷன்’னா மரியாதையா ரிஜெக்ட் பண்றதா?

இல்லவே இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதிவிடுவோம். பெரிய திருத்தம் கேட்கிறோம் என்றால் கட்டுரைக்குள் ஏதோ இருக்கிறது, இன்னொரு சுற்று நேரம் செலவழிக்கத் தயார் என்று அர்த்தம். ஏற்பதாக உறுதி மட்டும் இல்லை. முதல் சுற்றிலேயே அப்படியே ஏற்கப்பட்ட கட்டுரையை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

ஒருத்தர் பிரமாதம்ங்கிறார், இன்னொருத்தர் குப்பைங்கிறார். இப்ப யார் சொல்றதைக் கேக்கிறது?

எடிட்டர் சொல்வதை. இது ஓட்டெடுப்பு இல்லை. “அருமையான கட்டுரை, வெளியிடலாம்” என்று இரண்டு வரி எழுதியவரையும், அட்டவணை 2இல் கூட்டல் ஒத்துப்போகவில்லை என்று காட்டியவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருவரும் கனமாக எழுதி முரண்பட்டால் மூன்றாமவரைக் கேட்போம்.

முடிவுக் கடிதத்தில் எடிட்டரே எழுதிய பத்தி இருந்தால் அதை முதலில் படியுங்கள். எந்தத் திருத்தம் கட்டாயம், எது விருப்பம் என்று அதில்தான் இருக்கும். அது இல்லாமல் வெறும் அறிக்கைகளை ஒட்டி அனுப்பியிருந்தால் எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எடிட்டருக்கு மட்டும் என்று மதிப்பாய்வாளர் எழுதும் ரகசியக் குறிப்பு ஒன்றும் உண்டு; மேலே இனிமையாகவும் ரகசியத்தில் காரமாகவும் எழுதுபவர்களால்தான் “கமெண்ட் எல்லாம் நல்லா இருந்துச்சு, ஆனா ரிஜெக்ட்” என்ற குழப்பம் வருகிறது. எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பதில் கடிதத்தை எப்படி எழுதறது? சில கமெண்டைப் படிச்சாலே பத்திக்கிட்டு வருது.

வந்த அன்று எழுதாதீர்கள். ஐன்ஸ்டைனுக்கே கோபம் வந்திருக்கிறது. 1936இல் ரோசனோடு எழுதிய கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவியூ’ மதிப்பாய்வுக்கு அனுப்பியதும், “உங்களைப் பிரசுரிக்கத்தானே கேட்டேன், இன்னொருவருக்குக் காட்டச் சொல்லவில்லையே” என்ற தொனியில் எழுதித் திரும்பப் பெற்றார். மறுவருடம் வேறு இதழில் அது வந்தபோது முடிவு மாறியிருந்தது. மதிப்பாய்வாளர் சுட்டிய கோளாறு உண்மைதான்.

ஒவ்வொரு கருத்தையும் அப்படியே நகலெடுத்து, கீழே உங்கள் பதில், அதற்குக் கீழே மாற்றிய வாக்கியம், பக்க எண். எதையும் விடக் கூடாது. உதாரணமாக, “சிகிச்சை கொடுத்தவர்களின் பயிற்சி பற்றித் தகவல் இல்லை” என்று கேட்டிருந்தால், “எல்லோரும் நல்ல பயிற்சி பெற்றவர்களே” என்பது பதில் ஆகாது. “நான்கு சிகிச்சையாளர்களும் இரண்டு ஆண்டு மேற்பார்வைப் பயிற்சி முடித்தவர்கள், ஐந்தில் ஓர் அமர்வின் ஒலிப்பதிவைத் தனி நபர் கேட்டுச் சரிபார்த்தார். பக்கம் 6, பத்தி 2இல் சேர்த்துள்ளோம்” என்பது பதில். கடிதத்தில் மட்டும் விளக்கிவிட்டுக் கட்டுரையைத் தொடாமல் விடுபவர்கள் நிறைய. மதிப்பாய்வாளருக்கு வந்த சந்தேகம் நாளை வாசகருக்கும் வரும். வாசகர் கையில் உங்கள் கடிதம் இருக்காது.

ரிவியூவர் சொல்றதே தப்பா இருந்தா?

தாராளமாக மறுக்கலாம், காரணத்தோடு. “இந்தக் கருத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், இந்தக் காரணத்தால் மாற்றவில்லை” என்று ஆதாரம் காட்டினால் எடிட்டர்கள் ஏற்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி எழுதிய கடிதம்தான் எனக்குச் சந்தேகம் தரும். ஆனால் அவர் புரியாமல் எழுதியிருந்தால், புரியாதபடி எழுதியிருக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள்.

தன்னுடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி ஒருவர் கேட்டால் எடிட்டருக்குத் தனியாக எழுதுங்கள். நிராகரிப்பையே எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்: மதிப்பாய்வாளர் உண்மைத் தகவலில் பிழை செய்திருந்தால் ஜெயிக்க வாய்ப்புண்டு. “முக்கியத்துவம் புரியவில்லை” என்று வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

எங்க சிகிச்சை வேலை செய்யலைன்னு ரிசல்ட் வந்திருக்கு. யாராவது போடுவாங்களா?

போட வேண்டும். போடாததால் என்ன ஆனது என்று எங்கள் துறைக்கு நன்றாகவே தெரியும். 2008இல் டர்னரும் அவர் குழுவும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 மனச்சோர்வு மருந்துச் சோதனைகளை எடுத்து, எவை இதழ்களில் வந்தன என்று பார்த்தார்கள். அமைப்பு சாதகம் என்று மதிப்பிட்ட 38இல் 37 வெளிவந்திருந்தன. சாதகமில்லாத, அல்லது சந்தேகமான 36இல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம் போன்ற தோற்றத்தில் வந்தன, மூன்றுதான் உள்ளபடி வந்தன. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு அநேகமாக எல்லாச் சோதனையும் வெற்றி என்றுதான் தெரிந்திருக்கும்.

இப்போது இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, முன்பதிவு, அதாவது ஆய்வைத் தொடங்கும் முன்பே திட்டத்தைப் பொதுப் பதிவேட்டில் பதிவது. சர்வதேச மருத்துவ இதழ் எடிட்டர்கள் குழு 2005 முதல் பதிவு செய்யாத மருத்துவச் சோதனைகளை ஏற்பதில்லை. மதிப்பாய்வாளர் பதிவேட்டைத் திறந்து, நீங்கள் முதன்மை அளவீடு என்று அன்று சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றா என்று பார்ப்பார். மாறியிருந்தால் காரணம் கேட்பார். இரண்டு, பதிவு செய்த அறிக்கை முறை. ‘கார்ட்டெக்ஸ்’ இதழ் 2013இல் தொடங்கியது. தரவு சேகரிப்பதற்கு முன்பே திட்டத்தை மதிப்பாய்வு செய்து கொள்கையளவில் ஏற்றுவிடுவார்கள். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சொன்னபடி செய்திருந்தால் வெளிவரும். உங்கள் ஆய்வு முடிந்துவிட்டதால் இது உங்களுக்கு உதவாது, அடுத்ததற்கு யோசியுங்கள்.

ஏ.ஐ. வெச்சு எழுதலாமா? ரிவியூவரும் அதுல போட்டுத்தானே பாக்கிறார்?

மொழியைச் சீராக்கப் பயன்படுத்தினால் பல இதழ்கள் தடுப்பதில்லை, ஆனால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதைக் கட்டுரையாளர் பட்டியலில் சேர்க்க முடியாது. தவறுக்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது. இல்லாத கட்டுரையை மேற்கோளாக அது புனைந்து தருவதை நாங்கள் பிடித்திருக்கிறோம். பழி உங்கள் மேல்தான் விழும். மதிப்பாய்வாளர் உங்கள் கட்டுரையைப் பொதுவான ஏ.ஐ. கருவியில் பதிவேற்றுவது ரகசியத்தை மீறுவது. அதிலும் கேஸ் ரிப்போர்ட் என்றால் அது ஒரு நோயாளியின் ரகசியம்.

காசு கட்டினா ஒரு வாரத்துல ரிவியூ முடிச்சுத் தர்றோம்னு மெயில் வருது. நம்பலாமா?

குப்பையில் போடுங்கள். கட்டணம் வாங்குவது மட்டும் குற்றமில்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க (ஓப்பன் ஆக்சஸ்) இதழ்கள் பல, ஏற்ற பிறகு கட்டணம் வாங்கித்தான் நடக்கின்றன. அதோடு மதிப்பாய்வு முடிவைச் சம்பந்தப்படுத்தாமல் இருப்பதுதான் நேர்மையான இதழின் அடையாளம். முன்கூட்டியே வெளியீட்டுத் தேதி சொல்லும் இதழில் மதிப்பாய்வு நடக்கவில்லை என்று பொருள். எடிட்டர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வரக்கூடும். எனக்கே அப்படி ஒரு கேள்வி வந்தபோதுதான், மண்ணியல் இதழ் ஒன்றின் குழுவில் நான் இருப்பது எனக்குத் தெரிந்தது.

எடிட்டரே தன்னோட இதழுக்குக் கட்டுரை அனுப்பினா?

அனுப்பலாம். அவருடைய கட்டுரை அவர் கண்ணுக்கே தெரியாதபடி இன்னொரு எடிட்டரிடம் போகும். யார் மதிப்பாய்வு செய்தார் என்பதும் தெரியாது. இப்படி நடந்தது என்று கட்டுரையிலேயே குறிப்பு போடும் இதழ்களை நம்பலாம்.

இவ்வளவு வடிகட்டியும் தப்பான கட்டுரை எப்படித்தான் வந்துடுது?

முதல் பதிலுக்குத் திரும்ப வேண்டும். மதிப்பாய்வாளர் கையில் இருப்பது தாள் மட்டும். அதைக்கூட முழுசாகப் பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை. பி.எம்.ஜே.யின் மதிப்பாய்வாளர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்பது பெரிய பிழைகளை வேண்டுமென்றே நுழைத்த கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. சராசரியாகக் கண்டுபிடித்தது மூன்று அளவுதான். பயிற்சி கொடுத்தும் பெரிய முன்னேற்றம் இல்லை.

தாள் பொய் சொன்னால் இன்னும் கஷ்டம். வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின் மருந்து பலன் தருகிறது, பொதுவாகத் தாங்கக்கூடியது என்று 2001இல் ஒரு கட்டுரை வந்தது. ‘ஆய்வு 329’ என்று சொன்னால் துறையில் எல்லோருக்கும் தெரியும். மூலத் தரவைத் தோண்டி எடுத்து வேறொரு குழு மறுபடி கணக்குப் போட்டு 2015இல் வெளியிட்டது: பலனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை, தற்கொலை எண்ணம் சார்ந்த நிகழ்வுகள் மருந்துக் குழுவில் அதிகம். இடையில் பதினான்கு வருஷம். அதனால்தான் இப்போது பல இதழ்கள் தரவையும் கணக்கிட்ட நிரலையும் கேட்கின்றன. ‘மதிப்பாய்வு செய்யப்பட்டது’ என்ற முத்திரை, இரண்டு பேர் கவனமாகப் படித்தார்கள் என்பதற்குச் சாட்சி. அதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

தவறு கண்டால் எடிட்டருக்குக் கடிதம் எழுதுங்கள். அது பிரசுரமாகும், கட்டுரையாளர் பதில் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் திருத்தம், முற்றினால் கட்டுரையைத் திரும்பப் பெறுவது.

நானும் ரிவியூவர் ஆகணும். யார்கிட்ட கேக்கணும்?

வழிகாட்டியிடம் கேளுங்கள். அவருக்கு வரும் கட்டுரையை உங்களோடு சேர்ந்து மதிப்பாய்வு செய்யலாம், எடிட்டரிடம் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு. சொல்லாமல் மாணவரை எழுதவைத்துத் தன் பெயரில் அனுப்புவது பழைய கெட்ட பழக்கம். இல்லையென்றால் இதழுக்கு நேரடியாக எழுதுங்கள்: எந்த நோய், எந்த ஆய்வுமுறை, எந்த அளவுகோல் உங்களுக்கு அத்துப்படி என்று குறிப்பாக. “மனநலம் எல்லாம் தெரியும்” என்று வரும் கடிதங்களை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை.

முதல் கட்டுரை வந்ததும் பெயர் மறைத்திருந்தாலும் யாருடையது என்று தெரிந்துவிட்டால், போன வருஷம் நீங்கள் சேர்ந்து வேலை செய்தவராக இருந்தால், அன்றே எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். நேரம் இல்லையென்றாலும் அன்றே மறுத்துவிடுங்கள், முடிந்தால் வேறு இரண்டு பெயர்களோடு. அந்த இரண்டு பெயருக்காக அன்று முழுக்க உங்களை வாழ்த்திக்கொண்டிருப்போம்.